85 வயதில் மீண்டும் ஒரு சாரதிச் சோதனை: அப்பாவுடன் நாங்கள் கற்றவை

அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரம் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75 வயதை எட்டும் ஒவ்வொரு சாரதியும் ஆண்டுதோறும் வைத்தியரிடம் சென்று, வாகனம் ஓட்டுவதற்குத் தமது உடல்நிலை இடங்கொடுக்கிறது என்ற உறுதியைப் பெற வேண்டும். 85 வயதில் வீதியில் ஓட்டிக் காட்டும் சோதனையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை சித்தியடைந்துவிட்டால் போதாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அதே சோதனைக்குப் போயாக வேண்டும். போக விரும்பாதவர்களுக்கு மாற்று வழியொன்று உண்டு. கடை, வைத்தியர், கோயில் என்று தம் ஊரைச் சுற்றிய குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் ஓட்டுவதற்கான, கட்டுப்பாடுடைய அனுமதிப்பத்திரத்தை அவர்கள் கேட்டுப் பெறலாம். ஆண்டு மருத்துவப் பரிசோதனை அவர்களுக்கும் கட்டாயம்தான்.

இந்த மூன்று படிகளையும் என் அப்பாவுடன் கூடவே இருந்து கடந்தவள் நான். வயதைக் காரணம் காட்டி ஒருவரை மறுபடி சோதிப்பது நியாயமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஓயவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாய மறுசோதனை வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பங்கு சோதனை நாளில் கிடைக்கவில்லை. அதற்கு முந்திய காலத்தில் கண், கழுத்து, பாதம், மருந்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தியபோதுதான் கிடைத்தது. அந்த ஆயத்தம் எதுவும் இல்லாமல், காரை விட்டபின் எப்படி நடமாடுவது என்ற ஏற்பாடும் இல்லாமல், ஒரு முதியவரை நேரே சோதனை அதிகாரியின் முன் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 கார் ஓட்டியவர். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்த ஆண்டுகளில், சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறை அவர்களுடையது. இரவில் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்காக அயலவர்கள் வந்து கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்டவருக்கு, ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கப் போகிறோம் என ஒரு கடிதம் வந்தபோது அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: “மண்ணெண்ணெயில கார் ஓடினவனிட்டை இவங்கள் என்னத்தைப் பிள்ளை சோதிக்கப் போறாங்கள்?”

மெல்பேர்ணில் இருக்கும் என் தம்பியும் அவர் பக்கமே நின்றான். மெல்பேர்ண் உள்ள விக்டோரியா மாநிலத்தில் வயதை மட்டும் வைத்துக் கட்டாயப் பரிசோதனை எதுவும் இல்லை. 75 வயதுக்குப் பின் அனுமதிப்பத்திரத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். உடல்நிலையில் பாதிப்பு இருந்தால் சாரதி தாமே அறிவிக்க வேண்டும். கவலைப்படும் குடும்பத்தவரோ வைத்தியரோ பொலிசாரோ கூட அறிவிக்கலாம். “அக்கா, ஆய்வுகளைப் பாருங்கோ, இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசமில்லை” என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்வான்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதியவர்களைச் சோதிக்கும் சிட்னியையும் சோதிக்காத மெல்பேர்ணையும் ஒப்பிட்ட அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், சோதனையால் முதிய சாரதிகளின் விபத்துகள் குறைந்தன என்பதற்குத் தெளிவான சான்றைக் காணவில்லை. டென்மார்க்கின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே 2006ஆம் ஆண்டு முதியவர்களுக்கு நினைவாற்றல் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, முதிய சாரதிகளின் உயிரிழப்பில் மாற்றம் தெரியவில்லை. மாறாக, நடந்தும் சைக்கிளிலும் சென்ற முதியவர்களின் உயிரிழப்பு கூடியிருந்தது. காரை விட்டவர்கள் அதைவிடப் பாதுகாப்புக் குறைந்த வழிக்கு மாறியிருந்தார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். 2017இல் அந்த நாடு வயது அடிப்படையிலான விதியையே நீக்கிவிட்டது.

டேல்ஸ்ஃபோர்ட் விபத்தையும் தம்பி எடுத்துக்காட்டுவான். 2023 நவம்பரில் விக்டோரியாவின் அந்தச் சிற்றூரில், ஹோட்டலொன்றின் வெளிப்புறத்தில் அமர்ந்திருந்தவர்கள் மேல் கார் ஏறியதில், இந்தியப் பின்னணி கொண்ட இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த ஐவர் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் பிள்ளைகள். காரை ஓட்டியவருக்கு 66 வயது. நீரிழிவு உடைய அவருக்கு அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை கடுமையாக இறங்கியிருந்தது. 75க்கும் 85க்கும் வைத்த எந்தச் சோதனையும் அவரைத் தடுத்திருக்காது. ஆபத்து வயதில் இல்லை, உடல்நிலையில் இருக்கிறது என்று தம்பி சொன்னபோது நான் மறுக்கவில்லை. ஆனால் பார்வை, எதிர்வினையின் வேகம், கழுத்தின் வளைவு, பாதத்தின் உணர்ச்சி ஆகிய நான்கும் வயதோடு சேர்ந்தே குறைகின்றன. குறைவது மெதுவாக நடப்பதால் குறைகிறவருக்கே அது தெரிவதில்லை. தாமே அறிவிக்க வேண்டும் என்ற விதி இங்கேதான் தோற்றுப்போகிறது. அப்பாவைப் பொறுத்தவரை அதை நான் கண்ணாரக் கண்டேன்.

முதலில் வந்தது கண். மாலை வேளைகளில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் “லைட்டைக் கூட்டிப் போட்டுக்கொண்டு வாறாங்கள்” என்று அப்பா குறைப்படத் தொடங்கியிருந்தார். இப்போதைய கார்களின் வெள்ளை விளக்குகள் கூசுவது உண்மைதான் என்பதால் நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். 75 வயதுக்குப் பின் கட்டாயமாக வந்த ஆண்டுப் பரிசோதனை ஒன்றில்தான், குடும்ப வைத்தியர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கச் சொன்னார். இடது கண்ணை மூடியதும் அப்பா கீழ்வரிகளை ஊகித்துச் சொல்லத் தொடங்கினார். வலது கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தபோது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துக்கொண்டிருந்தது. சொந்தக் கார் ஓட்டுவதற்கு அவுஸ்திரேலியத் தரம் 6/12 பார்வை, அதாவது நல்ல பார்வையுள்ளவர் 12 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை 6 மீற்றரிலாவது வாசிக்க வேண்டும். அதை அவர் அப்போதும் எட்டிக்கொண்டுதான் இருந்தார். எனவே அனுமதிப்பத்திரத்துக்கு இடையூறு வரவில்லை. ஆயினும் வைத்தியர் அவரைக் கண் நிபுணரிடம் அனுப்பினார். புரை நீக்கும் சத்திரசிகிச்சை முடிந்த பின்னர் அப்பா முதலில் சொன்னது, வீதிப் பெயர்ப் பலகைகளை யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான். எதிர் விளக்குகளைப் பற்றிய முறைப்பாடும் அதோடு நின்றது. புரை நீக்கியவர்கள் பின்னர் குறைவாகவே விபத்துக்குள்ளாகிறார்கள் என்பதை அமெரிக்காவிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டாயம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் புரை எத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒன்று உண்டு. எழுத்துப் பலகை நேர்ப்பார்வையை மட்டுமே அளக்கிறது. பக்கவாட்டில் தெரியும் பரப்பை, குறிப்பாகக் கண் அழுத்த நோய் உள்ளவர்களிடம் ஓசையின்றிச் சுருங்கும் பரப்பை, அது காட்டாது. நடைபாதையிலிருந்து இறங்கும் பிள்ளையையும் குறுக்கு வீதியிலிருந்து வரும் சைக்கிளையும் முதலில் பிடிப்பது இந்தப் பக்கப் பார்வைதான். ஆகவே வைத்தியரின் படிவத்துக்குப் போதுமானது எது என்று மட்டும் பாராமல், கண் பரிசோதகரிடம் பார்வைப் புலத்தையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. நாங்கள் ஆண்டுதோறும் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பாகவே கண் பரிசோதனையை முடித்து, அந்த அறிக்கையோடு குடும்ப வைத்தியரிடம் போவோம்.

குடும்ப வைத்தியரிடம் போகும்போது நீண்ட நேரச் சந்திப்பாகப் பதிவுசெய்ய வேண்டும். வழமையான சில நிமிடங்களில் இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் படிவத்தில் ஒப்பமிடத்தான் நேரமிருக்கும். நீண்ட சந்திப்பு ஒன்றில் எங்கள் வைத்தியர் அப்பாவின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, கண்ணை மூடவைத்து, மெல்லிய நைலோன் இழையொன்றின் நுனியால் உள்ளங்காலை இடத்துக்கு இடம் தொட்டு, “தொடுறது தெரியுதா?” என்று கேட்டார். பெருவிரலுக்குக் கீழே சில இடங்களில் அப்பா பதில் சொல்லவில்லை. நீரிழிவு நரம்பைத் தொட்டிருந்தது. பிரேக்கை எவ்வளவு அழுத்தமாக மிதிக்கிறோம் என்பதைப் பாதம் உணராவிட்டால் கால் தடுமாறும். அதை ஓட்டுகிறவர் காரின் கோளாறு என்று எண்ணிக்கொள்ளவும் கூடும். அன்றிலிருந்து செருப்போடு கார் ஓட்டுவது நின்றது. மெல்லிய அடியுள்ள, குதிக்காலை இறுகப் பிடிக்கும் சப்பாத்தைத்தான் அப்பா அணிந்தார். நரம்பின் நிலையை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பது என்றும், அது கூடினால் கார் ஓட்டுவது பற்றி வெளிப்படையாகப் பேசுவது என்றும் மூவரும் அங்கேயே உடன்பட்டோம்.

மருந்துப் பட்டியலையும் அதே சந்திப்பில் வைத்தோம். வசந்த காலத்தில் மகரந்த ஒவ்வாமைக்காக அப்பா கடையில் வாங்கிப் போட்டுவந்த பழைய வகை மாத்திரை தூக்கம் வரவைப்பது. அதை வைத்தியர் தூக்கம் தராத வகைக்கு மாற்றினார். வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளைத்தான் பட்டியலில் எழுதுவோம். கடையில் தாமாக வாங்குவதை எழுத மறந்துவிடுவோம். தூக்க மாத்திரை, நோவு மாத்திரை, தடிமல் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் வைப்பதே மேலானது.

நமது சமூகத்துக்கே உரிய சிக்கலொன்றும் இருக்கிறது. சிட்னியின் மேற்குப் பகுதியில், வெண்ட்வேர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கங்களில் வாழும் தமிழர்கள் பலர் தமிழ் வைத்தியர்களிடமே போகிறோம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சந்திக்கும் ஒருவருக்கு, தம் தகப்பன் வயதுடைய ஒருவரிடம் “ஐயா, இனி ஓடவேண்டாம்” என்று சொல்வது எளிதன்று. ஆகவே சந்திப்புக்கு முன்னரே நான் வைத்தியருக்குச் சிறு கடிதமொன்று எழுதி, நாங்கள் கவனித்தவற்றை உள்ளபடி குறிப்பிட்டேன். அப்படி எழுதியிருப்பதை அப்பாவிடமும் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் எழுதியிருந்தால் அவர் எங்கள் மேல் வைத்த நம்பிக்கை போயிருக்கும். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே போதிய குறிப்புக் கிடைக்கும்: இடதுபக்கக் கதவில் புதிய கீறல், கராஜ் சுவரின் வெள்ளைப் பெயின்ற் ஒட்டிய பம்பர், நடைபாதை விளிம்பில் உரசிய சக்கர மூடி. அத்தோடு மாதத்துக்கு ஒருமுறையாவது அருகில் அமர்ந்து பயணம் செய்ய வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பது கூடியிருக்கிறதா, பச்சை விழுந்தபின் எவ்வளவு நேரம் தாமதிக்கிறார், நன்கு பழகிய சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கிறாரா என்பவை அப்படிப் போனால்தான் தெரியும்.

85 நெருங்கியபோது வீட்டில் இரண்டு கருத்துகள் இருந்தன. அம்மா, எல்லைக்குட்பட்ட அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு சோதனையைத் தவிர்க்கலாம் என்றார். அப்பா சோதனைக்கே போவேன் என்று நின்றார். அவருக்கு ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத் தன் காரிலேயே போக வேண்டும். அது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம், எந்த உள்ளூர் எல்லைக்குள்ளும் அடங்காது. அவருடைய விருப்பத்தையே ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன்: சோதனைக்கு முன் தொழில்முறைப் பயிற்சியாளர் ஒருவரிடம் சில பாடங்கள் எடுக்க வேண்டும்.

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். பிள்ளைகள் அருகில் இருந்து திருத்தினால் அது வாக்குவாதத்தில் முடியும். அந்நியர் ஒருவர் திருத்தினால் அது பாடமாக முடியும். வந்த பயிற்சியாளர் ஒரு லெபனானியப் பெண்மணி. முதல் பாடத்தில் அவர் எதையும் திருத்தவில்லை. அப்பா வழமையாகப் போகும் பாதைகளிலேயே ஓட்டவிட்டு, பின்னர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கவனித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டொப் பலகையில் கார் முழுதாக நிற்காமல் மெல்ல உருண்டுபோனது. சோதனையில் அந்த ஒன்றே தோல்விக்குப் போதும். தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தாரேயன்றித் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பவில்லை. சுற்றுவட்டத்தை விட்டு வெளியேறும்போது இடது சிக்னல் போடவில்லை. 60 கிலோமீற்றர் வீதியில் 45இல் போனார். அது பாதுகாப்பு என்று அப்பா நினைத்திருந்தார், ஆனால் பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து முந்துவதற்கு அதுவே காரணமாகிறது என்றார் அவர். பாடசாலை நாட்களில் காலை 8 மணி முதல் 9.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 4 மணி வரையும் பாடசாலை வலயத்தில் 40 கிலோமீற்றர் என்பதை மட்டும் அப்பா ஒரு தடவையும் தவறவிடவில்லை என்று பாராட்டவும் செய்தார்.

தலையைத் திருப்பாததற்குக் காரணம் பழக்கமல்ல, கழுத்து. தேய்மானத்தால் அது பாதிதான் திரும்பியது. அப்பா அதை யாரிடமும் சொன்னதில்லை. நோவு என்று தோன்றாத ஒன்றை எதற்காகச் சொல்வது? உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கழுத்துக்கும் தோளுக்கும் தினமும் செய்யச் சிறு பயிற்சிகளைக் கொடுத்தார். பயிற்சியாளர் தம் பங்குக்கு ஆசனத்தை உயர்த்தி, ஸ்டியரிங்கிலிருந்து சற்றுப் பின்தள்ளி, பக்கக் கண்ணாடிகளை இன்னும் வெளிப்பக்கமாகத் திருப்பிவைத்தார். கழுத்து முழுதாகத் திரும்பவில்லையானாலும், உடலையும் சேர்த்துத் திருப்பினால் மறைந்திருக்கும் பகுதி தெரியுமளவுக்கு முன்னேற்றம் வந்தது.

வலதுபக்கம் திரும்புவது தனிக்கதை. நாம் இடதுபக்கமாக ஓடும் நாட்டில், எதிரே வரும் வாகனங்களுக்குக் குறுக்காக வலதுபக்கம் திரும்புவதுதான் முதிய சாரதிகளுக்கு மிகக் கடினமான காரியம். அவர்களுடைய விபத்துகள் சந்திகளிலேயே அதிகம் நிகழ்கின்றன. வருகிற வாகனத்தின் வேகத்தையும் இடைவெளியையும் ஒரே கணத்தில் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடுதான் வயதோடு பிசகுகிறது. அம்புக்குறி விளக்கு இல்லாத சந்தியைத் தவிர்த்து, அடுத்த சந்தியில் இடதுபக்கமாக மூன்று முறை திரும்பி அதே வீதிக்கு வரும்படி பயிற்சியாளர் வழிகளை வகுத்துக் கொடுத்தார். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் மேஸ் ஹில்லில் உள்ள முருகன் கோயிலுக்குப் போகும் வழியைக்கூட அப்படி மாற்றினார். சில நிமிடங்கள் கூடும். அதில் யாருக்கும் நட்டமில்லை.

அப்பா அரச சோதனை அதிகாரியிடம் ஓட்டிக் காட்டிச் சித்தியடைந்தார். அன்று அவருக்கு இருந்த பெருமிதத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதைவிட எனக்கு முக்கியமானது, அந்தப் பாடங்களுக்குப் பிறகு அவர் ஓட்டிய விதம் உண்மையிலேயே திருந்தியிருந்தது. தம்பி காட்டும் ஆய்வுகள் ஒரு மாநிலத்தின் விபத்துக் கணக்கைப் பார்க்கின்றன. சோதனை இருந்தும் ஆயத்தம் இல்லாதவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறார்கள். இதை நான் அவனிடம் சொன்னபோது, அப்படியானால் சோதனையை விட்டுவிட்டுப் பாடத்தைக் கட்டாயமாக்கலாமே என்றான். அது நல்ல கேள்வி. யப்பானில் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். 70 வயதிலிருந்து அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது முதியோருக்கான வகுப்புக் கட்டாயம். 75இலிருந்து நினைவாற்றல் பரிசோதனையும் உண்டு. 2019இல் டோக்கியோவின் இக்கெபுக்குரோவில் 87 வயதுடையவர் ஓட்டிய கார் மோதி ஒரு இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்ததன் பின், நாடே இதைப் பற்றிப் பேசியது. 2022 மே மாதத்திலிருந்து, 75 வயதைக் கடந்தவர்களில் குறிப்பிட்ட வீதிக் குற்றங்களைச் செய்தவர்கள் மட்டும் ஓட்டிக் காட்டும் சோதனையிலும் தேற வேண்டும் என்று விதித்தார்கள். எல்லோருக்கும் பாடம், தவறியவர்களுக்குச் சோதனை என்ற இந்த ஒழுங்கு எனக்கு நியாயமாகப் படுகிறது. கனடாவில் ஒன்ராறியோ மாநிலமும் 80 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை, குழு வகுப்பு, மணிக்கூடு வரைவது போன்ற சிறு பயிற்சிகள் ஆகியவற்றை வைத்து, ஐயம் எழுந்தவர்களை மட்டும் வீதிச் சோதனைக்கு அனுப்புகிறது. ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தப்பா அந்த வகுப்புக்குப் போய் வந்து, தன் வயதுக்காரர் பலரோடு அமர்ந்து பேசியதே தனக்கு உதவியது என்றார்.

87 வயதில் மறுபடி கடிதம் வந்தபோது அப்பா வேறு முடிவெடுத்தார். இரவில் ஓட்டுவதை அவர் தாமாகவே நிறுத்தி நெடுநாளாகியிருந்தது. எம்4 அதிவேக வீதியையும் விட்டிருந்தார். பாதத்தின் உணர்ச்சி இன்னும் சற்றுக் குறைந்திருப்பதாக வைத்தியர் சொல்லியிருந்தார். “ஹெலன்ஸ்பேர்க்குக்கு நீ கூட்டிக்கொண்டு போவாய்தானே பிள்ளை” என்று கேட்டார். நான் ஆம் என்றேன். எல்லைக்குட்பட்ட அனுமதிப்பத்திரத்தைக் கேட்கும்போது, போகவேண்டிய இடங்களை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வைத்தியர், மருந்துக்கடை, தமிழ்க்கடை, நூலகம், கோயில், எங்கள் வீடு என்று அப்பா எழுதிய பட்டியலைப் பார்த்தே எல்லையைப் பேசி முடித்தார்கள். முழு அனுமதிப்பத்திரமா, ஒன்றுமில்லையா என்று கேட்டிருந்தால் அவர் முழுதையே கேட்டுப் போராடியிருப்பார். நடுவில் ஒரு படி இருந்தபடியால் இறங்க முடிந்தது. நியூ சவுத் வேல்ஸ் முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. அப்பாவின் கார் நின்றால் அவருடைய நடமாட்டமும் நின்றுவிடும். நம் குடும்பங்களில் அனேகமான தாய்மாரின் நிலை இதுவே. அதனால் அப்பா இன்னும் முழு அனுமதிப்பத்திரம் வைத்திருந்த காலத்திலேயே இருவரையும் பஸ்ஸிலும் ரயிலிலும் பழக்கத் தொடங்கினோம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கட்டணம் செலுத்தும் ஓப்பல் அட்டையில், ஓய்வூதியக்காரருக்கான தங்க நிற அட்டை இருந்தால் ஒரு நாள் முழுவதற்கும் 2.50 டொலருக்கு மேல் கழியாது. முதலில் வெண்ட்வேர்த்வில்லிலிருந்து பரமட்டாவுக்கு ரயிலில் நான் கூடப் போனேன். பிறகு அவர்கள் இருவரும் போனார்கள். இப்போது அம்மா சிநேகிதியோடு போகிறார். கார் பறிபோன பிறகு இதைக் கற்பிக்க முயன்றால் அது தண்டனையாகவே தெரியும். காருக்கான பதிவுக் கட்டணம், காப்புறுதி, திருத்தச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தப் பணத்துக்கு ஆண்டில் எத்தனை டாக்சிப் பயணம் போகலாம் என்று அப்பாவே கணக்குப் பார்த்ததும் உதவியது. உள்ளூராட்சி மன்றங்களும் சமூக அமைப்புகளும் நடத்தும் முதியோர் வாகன சேவைக்கு முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் ரயில் ஓடும் சிட்னிக்குப் பொருந்தும். மாநிலத்தின் உட்பகுதியில், டபோ நகருக்கு அப்பால் பண்ணையொன்றில் தனியாக வாழும் 85 வயதானவருக்கு அடுத்த கடையே பல கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும், பஸ் இருக்காது. அவரிடமிருந்து அனுமதிப்பத்திரத்தை எடுக்கும் அரசு, அவரை வைத்தியரிடம் கொண்டுபோக என்ன செய்யப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 75ஆம் வயதில் அனுப்பும் படிவத்தோடு ஓரிரு பயிற்சிப் பாடங்களுக்கான கட்டணச் சலுகையையும் அனுப்பலாம். கடினமான சோதனையைவிட அது அதிகம் காப்பாற்றும் என்பது என் நம்பிக்கை.

மறதிநோய் மட்டும் வேறு விடயம். அங்கே படிப்படியாக இறங்குவதற்குக் காத்திருக்க முடியாது. அவுஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டலின்படி, அந்த நோய் உறுதிசெய்யப்பட்டவர் நிபந்தனையற்ற அனுமதிப்பத்திரம் வைத்திருக்க முடியாது. நிபந்தனையோடு தொடரலாமா என்பதை ஆண்டுதோறும் மதிப்பிட்டே தீர்மானிப்பார்கள். நோயுள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்புவார். வழக்கமான பாதையில் வழி தவறினாலோ, பிரேக்கும் அக்சிலரேட்டரும் ஒருமுறை மாறிப்போனாலோ அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அடுத்த பரிசோதனைக்கான கடிதம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தம்பி இன்னும் கட்டாயச் சோதனையை எதிர்க்கிறான். ஆனால் 79 வயதான தன் மாமனார் அண்மையில் சந்தியொன்றில் தடுமாறியபோது, விக்டோரியாவில் விதி இல்லையென்று விட்டுவிடாமல், ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மதிப்பிட்டு உதவும் சிகிச்சையாளர்) ஒருவரின் சாரதி மதிப்பீட்டுக்கு அவரை அழைத்துப்போக நேரம் பதிந்திருக்கிறான். முதலில் அறைக்குள் பார்வை, எதிர்வினை, நினைவு, கைகால் அசைவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு இரட்டைப் பிரேக் உள்ள காரில் பயிற்சியாளர் முன்னிருக்கையிலும் தெரபிஸ்ட் பின்னிருக்கையிலும் இருக்க வீதியில் ஓட்டச் சொல்வார்கள். பெரிய வைத்தியசாலைகளில் காத்திருப்பு நீளம். தனியாரிடம் செலவு அதிகம். மாமனாரின் கண் அறிக்கையையும் மருந்துப் பையையும் தவறாமல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.